நடுக்கடலில் பறந்த 'வெள்ளை மிட்டாய்'... போர் விமானிகள் பார்த்தது என்ன?

2004 நவம்பர் 14. அமெரிக்காவின் சான் டியேகோவை ஒட்டிய பசிபிக் கடல். 'பிரின்ஸ்டன்' போர்க்கப்பலின் ரேடாரில் ஏதோ தெரிய, பயிற்சியில் இருந்த கடற்படை விமானிகளைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். கமாண்டர் டேவிட் ஃப்ரேவர் கண்டது, மிட்டாய் வடிவில் சுமார் 40 அடி நீள வெள்ளைப் பொருள். இறக்கை இல்லை, புகையும் இல்லை. நெருங்கியதும் சட்டென மறைந்துவிட்டது. இன்னொரு விமானத்திலிருந்த அலெக்ஸ் டீட்ரிக்கும் அதைப் பார்த்தார்.

அன்றே வேறொரு விமானத்திலிருந்து எடுத்த வீடியோவை 2020-ல் பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் ஃப்ரேவர் சாட்சி சொன்னார்.

உடனே 'ஏலியன்தான்'னு முடிவு கட்டிடாதீங்க. விளக்கம் கிடைக்கலைங்கிறதுதான் இதுக்கு அர்த்தம். ஆனா, கேலிக்குப் பயந்து விமானிகள் வாயை மூடிக்கிட்டா, வானில் காத்திருக்கும் மோதல் ஆபத்தை யார் சொல்றது?