களம் இறங்காத ஆண்டு

மாணவன் எவன் என்னும் வினா கல்லூரி விளையாட்டுடன் கூடவே பிறந்ததாகும். பின்னாளில் றோயல் கல்லூரியான கொழும்பு அக்கடமி 1879இல் சென் தோமஸ் கல்லூரியுடன் ஆடிய துடுப்பாட்டத்தில் ஆசிரியரும் ஆடினர். 1880 முதல் மாணவர் மட்டுமே ஆடினர். காலப்போக்கில் இலங்கைப் பாடசாலைகளில் 19 வயது எல்லையாயிற்று.

அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்திலோ வயதன்றி, ஆடிய பருவங்களே எண்ணப்பட்டன. 1937இல் நெப்ராஸ்கா மாணவர் வாரன் அல்ஃப்சன், அனுபவமிக்கோர் பலர் அணியிலிருந்தமையால், தாமே வேண்டிப் பயிற்சி மட்டும் பெற்றார். 1940இல் நாட்டின் சிறந்த வீரருள் ஒருவராகத் தெரிவானார். அவரணிந்த செஞ்சட்டையே இவ்வழக்கிற்குப் பெயராயிற்று என்பர்.

ஐந்தாண்டில் நான்கு பருவம் என்ற விதி நிலைத்தபின், மூத்த மாணவரையும் பயிற்றுநரே ஒதுக்கிவைத்தனர். மாணவனின் தெரிவு அணியின் கணக்காயிற்று. 2018இல், நான்கு ஆட்டங்கள்வரை ஆடினும் பருவம் கழியாதென விதி தளர்ந்தது. எனினும், படிப்பின் ஆண்டுகளை அணியின் தேவை தீர்மானிக்குமாயின், மாணவன் என்னும் சொல்லே பொருளிழக்கும்.