புதுச்சேரியில் தாவரவியல் மேற்படிப்பும் ஆய்வும்: பெற்றோர் அறிய வேண்டியவை

"டாக்டர் சீட் கிடைக்கவில்லை, அதனால் பாட்டனி" என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். மலாகாவில் பிறந்து 1248-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அல்-பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களைத் தொகுத்து எழுதியவர். அவற்றில் பெரும்பாலானவை தாவரங்கள். அந்தக் கல்வியை இரண்டாம் தரமாக நாம் நினைக்கலாமா?

எங்கே படிக்கலாம்?

லாஸ்பேட்டையில் காஞ்சி மாமுனிவர் அரசு பட்ட மேற்படிப்பு நிறுவனத்தில் தாவர அறிவியல் துறை உள்ளது. காலாப்பட்டில் 1985-இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தில், பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரில் உருவான சூழலியல் பள்ளியின் வழிவந்த துறையில் சேரலாம். இங்கே முதுகலைக்கு க்யூட்-பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

ஆய்வுக்கு ஊரிலேயே உள்ள வளம்

முல்லா வீதியிலிருந்து நடந்து போகும் தொலைவில், செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். உலர்த்திப் பாதுகாத்த தாவர மாதிரிகள் இங்கே 20,000-க்கும் மேல் உள்ளன. மகரந்தத்தூள் ஸ்லைடுகளும் அதே அளவுக்கு உண்டு. மகரந்தத்தின் வெளிச்சுவர் ஏரிச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அக்காலத்தில் அங்கே எந்தக் காடு இருந்தது என்று கணிக்கிறார்கள். தேன் எந்தப் பூவிலிருந்து வந்தது என்பதையும் இப்படியே அறியலாம். இத்துறையில் உலகப் பெயர் பெற்ற தணிகைமணி பணியாற்றியது இங்கேதான். 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்காவும் மாணவருக்கு ஒரு திறந்தவெளி வகுப்பறை.

செலவுக்கு என்ன வழி?

சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009 முதல் கிடைத்துவந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை, 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது பேரிழப்பு. இன்று முக்கிய வழி, உயிர் அறிவியல் பாடத்தில் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு. ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, அதன் பின் ரூ.42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களும் நெட் மதிப்பெண்ணைக் கொண்டு பிஎச்.டி. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். எனவே முதுகலை முதலாண்டிலேயே பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

பெண் பிள்ளைகளுக்கு

யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி. முடிக்க உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக மொத்தம் 240 நாள் விடுப்பும் எடுக்கலாம். திருமணம் ஆனதும் ஆய்வை விட்டுவிட வேண்டியதில்லை என்பதைப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பேசி முடிக்கும்போதே அறிந்திருக்க வேண்டும்.

சேருமுன், வழிகாட்டும் பேராசிரியரிடம் களப்பணி எங்கே, எத்தனை நாள், செலவு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை விரும்பிக் கேட்கும் படிப்பாக இருந்தால், தடையாக நிற்காமல் துணையாக நிற்போம்.