எடுப்புக் கக்கூஸிலிருந்து செப்டிக் டேங்க் வரை

மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை என்று முடிவானதும் சேமிப்பு, ஆட்டுக் கடன், தையல் பயிற்சி எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது கழிப்பறை. "நீங்கதானே அக்கா கழிப்பறைக் கடன் பதிவேடு எழுதினீங்க, நீங்களே எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். சிரிக்காமல் படியுங்கள் சகோதரிகளே, இது உயிர் சம்பந்தப்பட்ட வரலாறு.

அள்ளிய காலம்

எங்க அம்மா காலத்தில் ஊர்ப் பெண்களுக்கு விடியறதுக்கு முன்னாடி ஒரு நேரம், இருட்டின பிறகு ஒரு நேரம். நடுவில் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். டவுனில் வசதியான வீடுகளில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. பின்பக்கச் சந்து வழியாக வந்து வாளியிலும் கூடையிலும் அள்ளிக்கொண்டு போவார்கள். அள்ளியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெண்கள். பிறந்த சாதியைக் காரணம் காட்டி அந்த வேலையை அவர்கள் தலையில் ஏற்றி வைத்திருந்தது ஊர்.

1993-இல் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2013-இல் வந்த புதிய சட்டம், பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்காததால்தானே தொகையை உயர்த்த வேண்டி வந்தது?

தொட்டி பிறந்த கதை

செப்டிக் டேங்க் நம்ம ஊர் சரக்கு இல்லை. பிரான்ஸ் நாட்டில் மூரா என்பவர் 1860 வாக்கில் ஒரு வீட்டுக்கு மூடிய தொட்டி கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்தபோது, எதிர்பார்த்த அளவு கசடு இல்லை, பெரும்பாலும் தண்ணியாக இருந்தது. தொட்டியே எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்று பேர் பரவியது. 1881-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்தில் கேமரன் என்ற பொறியாளர் 1895-இல் இதே வழியில் ஒன்றைக் கட்டி 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். காற்றில்லாத இடத்தில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மலத்தைத் தின்று கரைக்கின்றன, அதுதான் சூட்சுமம்.

ஆனால் எல்லாமே கரைவதில்லை. அந்த நாட்டு அரசு அமைத்த கமிஷன் ஆராய்ந்து, 1908 அறிக்கையிலேயே இதைச் சொல்லிவிட்டது. கொஞ்சம் கரையும், மீதி அடியில் தங்கிக்கொண்டே வரும். நூறு வருஷத்துக்கும் மேலாகியும் "எங்க டேங்க் நிரம்பவே நிரம்பாது" என்று நாம் பெருமை பேசுகிறோம். நானும் பேசினவள்தான்.

நம்ம கதை

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய குழு வேலை, மாநிலம் முழுக்கப் பரவி நம் ஊருக்கும் வந்தது. 2000-க்குப் பிறகு திருச்சிக் குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுக்களே பொதுக் கழிப்பறைகளை ஏற்று, காசு வசூலித்து, கணக்கு எழுதி நடத்திக் காட்டினார்கள். அதைக் கேட்டுத்தான் நமக்கும் தைரியம் வந்தது. 2014-இல் தூய்மை இந்தியா திட்டம் வந்ததும், அரசு மானியம் போக மீதிக்குக் குழுக் கடன் கொடுத்தோம். பதிவேட்டில் கடன் தொகை, தவணை, கட்டி முடித்த தேதி என்று கட்டம் போட்டேன். டேங்க் எடுக்க வேண்டிய தேதி என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை.

எங்க வீட்டு டேங்க் அதற்கும் முன்னாடி கட்டினது. பதினொரு வருஷம் திறக்கவில்லை. மூடி மேலேயே தரை போட்டுவிட்டோம். ஒரு ஐப்பசி மழையில் கழிப்பறைத் தண்ணி இறங்காமல் குபுகுபு என்று மேலே வந்தது. லாரி அன்றைக்குக் கிடைக்கவில்லை. தெரிந்த பையன் ஒருத்தன், "உடைச்சுக் குடுங்க அக்கா, நானே இறங்கி எடுத்துடறேன்" என்றான். நான் காசை எண்ணிக்கொண்டிருந்தேன். என் மாமியார்தான், "யார் பெத்த பிள்ளையோ, வேணாம்டி. ஒரு நாள் நாத்தம் பொறுத்துக்கலாம்" என்று கையைப் பிடித்தார்.

மறுநாள் லாரி வந்தது. கசடு இறுகிப் போனதால் குழாய் இழுக்கவில்லை. தண்ணி விட்டுக் கலக்கிக் கலக்கி எடுக்க அரை நாள் ஆனது. "மூணு வருஷத்துக்கு ஒருக்கா எடுத்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்மா" என்றார் டிரைவர். சட்டம் படித்துக் கூட்டத்தில் சொன்னவள் நான். அன்றைக்கு அந்தப் பையன் இறங்கியிருந்தால்?

எப்போது எடுப்பது

சாதாரண வீட்டுக்கு 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறை. சந்தேகம் இருந்தால் நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு எடுங்கள். கருப்பாகக் கசடு ஒட்டியிருக்கும் உயரமும், மேலே மிதக்கும் ஏட்டின் கனமும் சேர்த்து, தண்ணி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் லாரியைக் கூப்பிட வேண்டும். ஆழம் 5 அடி என்றால் ஒன்றரை அடியைத் தாண்டினால் போதும். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள், பக்கத்தில் தீக்குச்சி, பீடி கூடாது, பிள்ளைகளை விடாதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும்.

ஆசிட், பினாயிலைக் கொட்டிக் கழுவாதீர்கள், கரைக்கிற கிருமி செத்துப்போகும். நாப்கின், துணி, பிளாஸ்டிக் போடாதீர்கள். அடியில் தளம் போடாமல் வெறும் உறை இறக்கிவிட்டு அதை டேங்க் என்று சொல்லாதீர்கள். அது நிரம்பாததற்குக் காரணம், கழிவு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுப் பக்கம் போவதுதான். டேங்கிலிருந்து வரும் தண்ணியைத் தெருச் சாக்கடையில் விடாமல், கிணற்றுக்குத் தள்ளி உறிஞ்சு குழியில் விட வேண்டும்.

லாரி எங்கே கொட்டுகிறது என்றும் கேளுங்கள். மலக்கசடு மேலாண்மைக்கு நம் மாநில அரசு 2014-இல் வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. 2017-இல் கருங்குழியில் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் வந்தது. திருச்சியில் லாரிகள் கழிவுநீர் நீரேற்று நிலையங்களில் இறக்க, பஞ்சப்பூரில் சுத்திகரிக்கிறார்கள். ஏரிக்கரையில் கொட்டினால் நாம் எடுத்தும் பயனில்லை.

பணம்தான் தடை என்றால் அதற்குக் குழு இருக்கிறது. மாதம் 50 ரூபாய் தனியாகச் சேர்த்தால் 3 வருஷத்தில் 1,800 ரூபாய். ஒரே தெருவில் நாலு வீடு சேர்ந்து கூப்பிட்டால் லாரிக்காரரிடம் பேசிக் குறைக்கலாம்.

பழைய பதிவேட்டில் நான் விட்ட கட்டத்தை இப்போது கோடு போட்டுச் சேர்த்துவிட்டேன்: 'டேங்க் எடுத்த தேதி'. முதல் வரியில் எங்க வீடு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க வீட்டுத் தேதியைக் கேட்டுக்கொண்டு வாங்க. தெரியவில்லை என்றால், எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.