மருந்தால் நேரும் தீங்கும் சட்ட வழிகளும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

மருத்துவர் எழுதித் தந்த மருந்தே உடலைக் கெடுத்தால், இழப்பீடு கேட்பதற்கும் தயாரித்தவரைத் தண்டிக்கக் கோருவதற்கும் இந்தியச் சட்டத்தில் தனித்தனி வழிகள் உள்ளன. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றமும் நுகர்வோர் குறைதீர் ஆணையமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குவதால், இராஜபாளையத்தார் அடுத்த ஊருக்குப் போனால் போதும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. மருந்து ஆலை எந்த மாநிலத்தில் இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். மருந்துக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை வழக்கு மாவட்ட ஆணையத்துக்கே உரியது. கேட்கும் இழப்பீட்டுத் தொகை கணக்கில் வராது. அந்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய வாசல். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

மருத்துவர் சீட்டின் பேரில் விற்கும் மருந்தில் ஒரு தடை உண்டு. பக்கவிளைவு பற்றி மருத்துவருக்கு முறையாக எச்சரித்திருந்தால், எச்சரிக்கை போதவில்லை என்று நிறுவனத்தைக் குற்றம் சாட்ட முடியாது. அப்போது கேள்வி மருத்துவரின் கவனக்குறைவை நோக்கித் திரும்பும். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் தீர்ப்பளித்தது.

அரசு மருத்துவமனையில் மருந்தை இலவசமாகப் பெற்றவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபடுகிறது. அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையையோ நாடலாம். இதே மாவட்டத்தின் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது 2018 டிசம்பரில் வெளிவந்தது. சட்டத்தின் பார்வையில் இரத்தமும் மருந்தே. அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டது.

குற்றவியல் பாதைக்கு அடிப்படை மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940. காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீசன் நிறுவனம் தயாரித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வகம் 2025 அக்டோபரில் கண்டறிந்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். நிறுவன உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது. இத்தகைய கலப்பட மருந்தால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் சிறை. வசூலாகும் அபராதம் பாதிக்கப்பட்டவருக்கோ உறவினருக்கோ இழப்பீடாகச் சேர வேண்டும்.

எல்லா வழிக்கும் ஆதாரம் ஒன்றே: மருந்துச்சீட்டு, கடை பில், பேட்ச் எண்ணுடன் கூடிய அட்டை அல்லது பாட்டில், மீதமுள்ள மருந்து. கட்டணம் செலுத்தி அந்த மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க, 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆவது பிரிவு எந்தக் குடிமகனுக்கும் உரிமை தருகிறது.