வீடு வாங்கும்போது திருத்தச் செலவு யாருக்கு? மன்னார்க் கரையின் ஒரு பழைய கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

என்னிடம் வரலாறு படித்த ஒரு பிள்ளை போன கிழமை கோல் எடுத்தார். எருக்கலம்பிட்டியில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறதாம். உரிமைக்காரர் 1990க்குப் பிறகு புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். கூரை முழுக்க மாற்ற வேண்டும், பின்சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது, கிணறு தூர்ந்து கிடக்கிறது. "சேர், திருத்துற செலவ விலையில எவ்வளவு வரைக்கும் கழிக்கச் சொல்லிக் கேக்கலாம்?" என்றார்.

நான் மேசனும் இல்லை, நொத்தாரிசும் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் விடவில்லை. இது ஆயிரத்து நானூறு வருடமாக நம்மோடு வருகிற கேள்வி.

மதீனாக் கடைத்தெருவில் நடந்த சம்பவம் எல்லோருக்கும் தெரியும். தானியக் குவியலுக்குள் நபியவர்கள் (ஸல்) கையை விட்டார்கள், விரலில் ஈரம் பட்டது. கேட்டபோது, மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதுதான் நபியவர்களின் கேள்வி. மோசடி செய்பவர் பற்றிய எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு இந்தச் சம்பவத்தை முடித்துவிடுகிறோம். நான் கவனிக்கச் சொல்வது மழையை. மழை வியாபாரியின் குற்றம் இல்லை. குறை எப்படி வந்தது என்பது ஒரு விஷயம், அதைக் காட்டுவது வேறு விஷயம். முதலாவதுக்கு அவர் பொறுப்பில்லை, இரண்டாவதுக்குப் பொறுப்பு.

ஃபிக்ஹ் கிதாபுகளில் குறை காரணமாகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்குத் தனிப் பாடமே இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இது இறுக்கமானது. மறைந்திருந்த குறை பின்னர் தெரிய வந்தால், தாமதிக்காமல் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பேசிய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டு "கொஞ்சக் காசைத் திருப்பித் தா" என்று கேட்க, விற்றவர் சம்மதிக்காத வரை, பொதுவாக உரிமை இல்லை. ஹன்பலி மத்ஹபில் அந்த வழி திறந்திருக்கிறது. "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று சொல்லி விற்றாலும், வீடு போன்ற பொருளில் அந்த வார்த்தை ஷாஃபிஈ விற்பனையாளரைக் காப்பாற்றாது. கால்நடைகளில், அவரே அறியாத உள்நோய்க்கு மட்டும் அது செல்லும்.

இவ்வளவு இருந்தும் இலங்கையில் வீட்டு விற்பனைக்கு நமது ஃபிக்ஹ் சட்டமாக இருந்ததில்லை. 1806இல் பிரித்தானியர் வெளியிட்ட முஸ்லிம் சட்டத் தொகுப்பு திருமணத்தையும் வாரிசுரிமையையும்தான் பேசியது. கொடுக்கல் வாங்கல் ரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் போய்விட்டது. 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் விட்டுப்போனது கோட்டை மட்டும் இல்லை, பாருங்கள். அந்தச் சட்டத்துக்கும் வேர் ஒரு கடைத்தெருதான். பழைய ரோமில் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகள், மறைந்த குறையோடு பொருள் விற்றால் விற்பனையை ரத்துச் செய்யலாம் அல்லது விலையைக் குறைக்கக் கேட்கலாம் என்று விதி வைத்தார்கள். மதீனாவும் ரோமும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: கண்ணுக்குத் தெரிந்த குறையைப் பார்த்த பிறகும் வாங்கினால், பிறகு முறையிட முடியாது. அதனால் தெரிந்த குறைக்குப் பேச்சு கைச்சாத்துக்கு முன்னர்தான்.

அந்தப் பேச்சு எழுத்தில் இருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனையும் விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது என்கிறது. "சாவி தரும் முன் கூரையைப் போட்டுத் தாறன்" என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னது அங்கேயே போய்விடும். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லி, சாட்சி வைக்கச் சொல்லும் குர்ஆனின் மிக நீண்ட வசனத்தை ஓதுகிற நாம், வீட்டுப் பேச்சில் மட்டும் "நம்பிக்கைதானே" என்று விட்டுவிடுகிறோம்.

சரி, நம் கரையில் எது தெரிந்த குறை, எது மறைந்த குறை? முருகைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும், அது கண்ணுக்குத் தெரியும். கடல் மணலைக் கழுவாமல் கலந்து ஊற்றிய பிளாட் அப்படி இல்லை. உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி ஒரு நாள் கொங்கிரீட்டைப் பிளக்கும். அதற்கு முன் ஒரு பூச்சும் பெயின்டும் அடித்தால் சில மாதங்களுக்கு யாருக்கும் தெரியாது. இதுதான் நனைந்த தானியம். அரிப்பில் ஆளுனர் ஃபிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டிய மாளிகையைப் போய்ப் பாருங்கள். ஆளுனரின் காசையே கடல் தின்றுவிட்டது. (அந்த ஊருக்குப் பெயரே அரிப்பு. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?)

ஆனால் மன்னாரில் ஆகப் பெரிய மறைந்த குறை சுவரில் இல்லை, உறுதியில் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, உரிமைக்காரரை ஏற்காமல் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் அந்தக் காணிக்கு உரிமை கேட்கலாம். துப்பாக்கிக்கு முன்னால் ஊரை விட்டுப் போனவர் எப்படித் தடை சொல்வார்? 2016இல்தான் விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்து, 1983 மே தொடக்கம் 2009 மே வரையான காலத்தை அப்படிப்பட்டவர்களுக்கு எதிராக எண்ணக் கூடாது என்றது. அதிலும் வழக்குப் போடக் குறுகிய கால எல்லை. ஆகவே ஓட்டைப் பார்க்க முன், அந்த வளவை யார் ஆண்டார்கள் என்று பாருங்கள்.

இனி, எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி.

1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலும் ஏறக்குறைய 75,000 பேர். நம் ஊர்க்காரர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு நின்றது, ஆள் இல்லை. ஓடு போனது, கதவு போனது, நிலை போனது.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்த பிறகு எங்கள் வாப்பா ஒருமுறை போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் வாங்க ஒருவர் முகாமுக்கே வந்தார். நல்ல மரியாதையான மனுஷன். கையில் ஒரு துண்டு. ஓட்டுக்கு இவ்வளவு, கதவு ஜன்னலுக்கு இவ்வளவு, கக்கூசுக்கு இவ்வளவு. வாப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஏனென்றால் எல்லாம் உண்மை. கடைசியில் அவர் இன்னொரு தொகையைக் கழித்தார். அதற்குத் துண்டில் பெயர் இல்லை. "நீங்க இனித் திரும்பிப் போகப் போறதில்லைதானே காக்கா" என்றார். வாப்பா அதற்கும் தலையாட்டினார். தாத்தாவின் கலியாணம் நெருங்கியிருந்தது.

முதல் கழிவுகளில் எனக்கு இன்றும் கோபம் இல்லை. மழையில் நனைந்த தானியம் நனைந்த தானியம்தான், விலை குறையத்தான் செய்யும். கடைசிக் கழிவு வீட்டின் குறைக்கு இல்லை, விற்பவரின் நிலைமைக்கு. நிர்ப்பந்தத்தில் இருப்பவரின் பொருளைக் குறைவிலைக்கு வாங்குவதைப் பற்றி ஃபிக்ஹ் தனியாகப் பேசுகிறது. ரோமன்-டச்சுச் சட்டத்திலும், உண்மைப் பெறுமதியில் பாதிக்கும் குறைவாக விற்றவர் விற்பனையை ரத்துச் செய்யக் கேட்கலாம் என்றொரு பழைய விதி இருக்கிறது. முகாமில் இருந்த யாருக்கு அது தெரியும்? 2012 முதல் இந்திய வீட்டுத் திட்டத்தில் சேதமான வீட்டைத் திருத்த 2,50,000 ரூபாயும் புதிதாகக் கட்ட 5,50,000 ரூபாயும் கொடுத்தார்கள். அந்த வரிசையில் நிற்கவும் காணி வேண்டும். வாப்பாவிடம் காணி இல்லை.

அதனால் அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன். மேசனையும் தச்சனையும் கூட்டிப் போய்த் திருத்தச் செலவை வரி வரியாக எழுது. கூரைக்கு ஓடு எத்தனை, கைமரம் எத்தனை, கூலி எவ்வளவு. புத்தளத்துக்கு ஒரு பிரதி அனுப்பு. துண்டில் பெயரோடு இருப்பதை முழுசாகக் கழிக்கக் கேள், வெட்கப்படாதே. பெயர் எழுத முடியாததைக் கழிக்காதே.

நேற்றுக் கோல் எடுத்தார். பட்டியலை அனுப்பிவிட்டாராம். கூரைக்கும் கிணற்றுக்கும் அந்த வீட்டுக்காரர் உடனே சம்மதம். பின்சுவரைத் தான் கண்டு பல வருடம், இப்போது எப்படி இருக்கிறதென்று தெரியாது, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மேசனோடு மறுபடி போகிறார்கள்.