நான்கு மணி நேரம்: ஓர் ஆய்வு வரையறை காப்பீட்டு விதியான வரலாறு

அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டத்தின் வழியாக உறக்க மூச்சுத்தடைக்கான கருவியைப் பெறும் முதியவர் ஒருவர், முதல் மூன்று மாதங்களுக்குள் ஒரு சோதனையில் தேற வேண்டும். தொடர்ச்சியான 30 நாட்களில், குறைந்தது 70 விழுக்காட்டு இரவுகளில், இரவுக்கு நான்கு மணி நேரமேனும் அவர் முகமூடியை அணிந்திருக்க வேண்டும். அணிந்தாரா என்பதற்குச் சாட்சி அவரல்லர், கருவி. கணக்கு குறைந்தால் காப்பீட்டுத் தொகை நின்றுவிடும். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் இதே அளவுகோலைக் கைக்கொண்டுள்ளன. இந்த நான்கும் எழுபதும் எங்கிருந்து வந்தன என்பதைத் தேடிச் சென்றால், கருவியின் வரலாறு முழுவதையும் கடக்க வேண்டியிருக்கிறது.

நோய்க்கு முதலில் கிடைத்த பெயர் ஒரு நாவலிலிருந்து வந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் நின்றபடியே உறங்கிவிடும் பருத்த சிறுவன் ஜோவை நினைவுகூர்ந்து, 1956இல் பர்வெல் குழுவினர் 'பிக்விக்கியன் நோய்க்குறி' என்று எழுதினர். பருமனையே காரணமாகக் கண்ட பெயர் அது. 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே இயங்கிய ஆய்வாளர்கள், உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோவதைப் பதிவுசெய்தனர். 1976இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் கில்மினோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 'ஸ்லீப் அப்னியா' என்ற பெயரை நிலைபெறச் செய்தனர். அப்னியா என்றால் கிரேக்க மொழியில் மூச்சின்மை. உடல் பருமனைச் சுட்டிய பெயர் போய், உறக்கத்தில் நிகழ்வதைச் சுட்டும் பெயர் வந்தது, நிகழ்வை எண்ணலாம். பின்னால் வந்த காப்பீட்டு விதிகள் அனைத்தும் அந்த எண்ணிக்கையின் மேல் கட்டப்பட்டவையே.

அக்காலத்தில் கடுமையான நோயாளிக்கு இருந்த உறுதியான சிகிச்சை ட்ரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு நேர்வழி அமைப்பது. நோயாளிகள் அஞ்சியதில் வியப்பில்லை. டொராண்டோவில் நாய்களின் உறக்க மூச்சை ஆராய்ந்துவிட்டுச் சிட்னிக்குத் திரும்பியிருந்த காலின் சல்லிவனிடம், 1980இல் அத்தகைய நோயாளி ஒருவர் வந்தார். கழுத்தைத் துளைக்காமல் வேறு வழியுண்டா என்பதே அவர் தேவை. மூக்கின் வழியாகக் காற்றைச் சீரான அழுத்தத்தில் செலுத்தினால், தொண்டைத் தசைகள் தொய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் அந்தக் காற்றே உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் என்று சல்லிவன் கருதினார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் காற்றூதியாக மாற்றி, மூக்கில் பசை கொண்டு ஒட்டிய முகமூடியோடு இணைத்தார். மூச்சுத்தடை நின்றது, நோயாளி இரவு முழுதும் உறங்கினார். ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. சிபாப் எனப்படும் சிகிச்சையின் தொடக்கம் இது. இரைச்சலிடும் பெட்டியோடும் பசையோடும் அந்த முதல் நோயாளிகள் வீட்டில் ஒவ்வோர் இரவையும் கழித்தனர் என்பதை, பின்னால் வந்த 'ஒத்துழையாமை' பற்றிய கட்டுரைகள் அரிதாகவே நினைவுகூர்கின்றன.

1985இல் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் கருவியை அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1987இல் மெடிகேர் அதற்குப் பணம் தர முன்வந்தது. அன்றைய நிபந்தனையின் சொற்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை: ஆறேழு மணி நேர உறக்கப் பதிவில், ஒவ்வொன்றும் பத்து வினாடிக்குக் குறையாத 30 மூச்சுத்தடைகள் தெரிய வேண்டும், அறுவைச் சிகிச்சையே மாற்றுவழியாக இருக்கக்கூடிய நிலையும் வேண்டும். கருவி, கத்திக்கு மாற்றாகவே உள்ளே நுழைந்தது. அது வைக்கப்பட்ட வகைமையோ 'நீடித்துழைக்கும் மருத்துவக் கருவிகள்'. சக்கர நாற்காலியும் மருத்துவக் கட்டிலும் அடங்கிய அதே பட்டியல். ஆகவே மருத்துவர் எழுதித் தருவார். கருவியைத் தருபவர் வேறொருவர், வழங்குநர் எனப்படும் வணிகர். வாடகையாகத் தொடங்கி 13 மாதங்களுக்குப் பின் நோயாளிக்கு உரிமையாகும் முறையும் இவ்வகைமையின் வழியே வந்ததுதான். மூன்று மாதத்தில் பணத்தை நிறுத்த முடிவதும் வாடகை என்பதால்தான்.

1993 ஒரு திருப்புமுனை. விஸ்கான்சினில் 602 பேரிடம் நடந்த ஆய்வு, 30 முதல் 60 வயது வரையான ஆண்களில் 4 விழுக்காட்டினரும் பெண்களில் 2 விழுக்காட்டினரும் பகல் நேரத் தூக்கக் கலக்கத்தோடு கூடிய இந்நோய்க்கு ஆளானவர்கள் என்றது. அரிய நோய் பொதுநோயாயிற்று. பணம் செலுத்துவோர் கவலைப்படத் தொடங்கும் எண்ணிக்கை அது. அதே ஆண்டு பென்சில்வேனியாவில் நான்சி கிரிப்ஸ் குழுவினர் வேறொரு வினாவை எழுப்பினர்: வாங்கியவர்கள் உண்மையில் பயன்படுத்துகிறார்களா? 35 நோயாளிகளின் கருவிகளுக்குள் அவர்கள் அறியாமல் ஒரு பதிவுப்பொறி வைக்கப்பட்டது. சராசரியாக 106 நாட்கள், நிமிடந்தோறும் முகமூடியின் அழுத்தம் பதிவாயிற்று. நாள்தோறும் பயன்படுத்துவதாகக் கூறியவர்கள் 60 விழுக்காடு. 'முறையான பயன்பாடு' எனும் வரையறைக்குள் வந்தவர்களோ 16 பேர் மட்டுமே. அந்த வரையறை: கண்காணித்த நாட்களில் 70 விழுக்காட்டில், குறைந்தது நான்கு மணி நேரம்.

இந்த வரையறை, பயன்படுத்துவோரை இரு குழுக்களாகப் பிரித்துக்காட்ட ஆய்வாளர்கள் வகுத்த ஒரு கோடு. நான்கு மணி நேரத்தில் நோய் தணியும் என்று அது நிறுவவில்லை. 2007இல் டெரி வீவர் குழுவினர் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாக்கின. நோயாளி தாமே உணரும் தூக்கக் கலக்கத்துக்கு நான்கு மணி, ஆய்வகத்தில் அளக்கப்படும் தூக்கச் சாய்வுக்கு ஆறு மணி, அன்றாட இயக்கத்துக்கு ஏழரை மணி என எல்லை விளைவுக்கேற்ப மாறியது. நேரம் கூடக்கூடப் பயனும் கூடியது.

அடுத்த ஆண்டே விதி வந்தது. 2008 மார்ச்சில் மெடிகேர், வீட்டிலேயே செய்யும் உறக்க ஆய்வை ஏற்றுக்கொண்டது. ஆய்வகத்தில் இரவு தங்க இயலாதவர்களுக்கு அது பெரிய திறப்பு. கதவைத் திறந்த அதே ஆணை, முதல் 12 வாரங்களில் 'பயனடைவோருக்கு' மட்டுமே தொடர்ந்து பணம் என்றும் கூறியது. பயன் என்றால் என்ன? நடைமுறை விதிகளை வகுத்த ஒப்பந்த நிறுவனங்கள் அதை இரண்டாகப் பிரித்தன. 31ஆம் நாளுக்கும் 91ஆம் நாளுக்கும் இடையே மருத்துவர் நேரில் கண்டு அறிகுறி குறைந்ததென எழுத வேண்டும். அதோடு கருவியின் பதிவு நான்கு மணி, எழுபது விழுக்காட்டைக் காட்ட வேண்டும். 1993இல் விவரிப்பாக இருந்த தொடர், 2008இல் கட்டளையாயிற்று. சொற்கள் ஒன்றே, வினைநோக்கு மாறிவிட்டது. தவறியவர் மீண்டும் மருத்துவரைக் கண்டு, ஆய்வகத்தில் மறுபடியும் உறக்க ஆய்வு செய்துகொண்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றரை மணி நேரம் அணிந்து தெளிவாக விழித்தெழும் ஒருவரை இவ்விதி எவ்வாறு காண்கிறது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 2014 முதல் கருவிக்குள்ளேயே கைபேசி இணைப்பு பொருத்தப்பட்டு வந்ததால், பதிவு தானே வழங்குநருக்குச் சென்று சேர்கிறது. 1993இன் மறைபொறி இப்போது வெளிப்படையாகவே உள்ளே அமர்ந்திருக்கிறது.

இது ஒன்றே வழியன்று. பிரிட்டனில் 1997இல் 'பிஎம்ஜே' இதழின் திறனாய்வு, சிகிச்சைக்கான சான்றுகளே போதாதவை என்றது. கடும் வாதம் எழுந்தது. 1999இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், பயன்தராத அளவு குறைந்த அழுத்தத்தை ஒரு குழுவுக்குக் கொடுத்து ஒப்பிட்டுச் சான்றளித்தனர். 2008இல் தேசியப் பரிந்துரை வந்தது. அங்கு நோயாளி அரசு மருத்துவமனையிலிருந்து கருவியை இரவலாகப் பெறுகிறார். இடையில் வணிகர் இல்லை. கருவி பிறந்த ஆஸ்திரேலியாவிலோ உறக்க ஆய்வுக்கு அரசுக் காப்பீடு உண்டு, கருவியைப் பெரும்பாலோர் தம் பணத்தில் வாங்குகிறார்கள்.

இந்தியாவில் உடல்நலக் காப்பீடு பெரிதும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையைச் சுற்றி எழுப்பப்பட்டது. வீட்டுக் கட்டிலருகே ஆண்டுக்கணக்கில் இயங்கும் ஒரு பெட்டிக்கு அதில் இடம் கிடைப்பது அரிது. மத்திய அரசு ஊழியரும் ஓய்வூதியரும் தம் சுகாதாரத் திட்டத்தின் கீழ், உறக்க ஆய்வு அறிக்கையும் சிறப்பு மருத்துவரின் பரிந்துரையும் காட்டி முன் அனுமதி பெறலாம். பிறர் பெரும்பாலும் விற்பனையாளரிடம் பணம் கொடுத்து வாங்குகின்றனர். இங்கே விற்கப்படும் கருவிகளும் மணிகளை எண்ணியபடிதான் இயங்குகின்றன. அந்தப் பதிவை, மருத்துவரைத் தவிர எவரும் கேட்பதில்லை.