கையை அணைப்பதும் காலைக் கட்டுவதும்: பச்சிளங்குழந்தையைத் துணியில் சுற்றும் வழக்கம் குறித்து

அழும் பச்சிளங்குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி வைப்பது நல்லதா, கெட்டதா என்ற வழக்கு மருத்துவத்தில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. நோக்கத்திலும் விளைவிலும் வேறுபட்ட இரண்டு செயல்களை இரு தரப்பாரும் ஒன்றாகவே கருதிவிட்டதால்தான் அது இன்னும் தீரவில்லை. கைகளை மார்போடு அணைத்துச் சுற்றுவது ஒரு செயல். கால்களை நீட்டிக் கட்டுவது வேறொரு செயல். அழுகையைத் தணிப்பதில் முன்னதற்கே பங்கு உண்டு. பின்னதால் கேடுதான் விளைகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் குழப்பம் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எபேசஸ் நகரத்து மருத்துவர் சொரானஸ், குழந்தையின் ஒவ்வோர் உறுப்பையும் துணிப்பட்டையால் சுற்றும் முறையை விரிவாக எழுதினார். உடல் கோணாமல் நேராக உருப்பெற வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அழுகை அங்கே பொருட்டல்ல. இந்தக் கட்டை எதிர்த்து 1748இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கடோகன் எழுதினார். 1762இல் 'எமில்' நூலில் ரூசோ எழுதினார். சுற்றிய குழந்தையை ஆணியில் மாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போன கூலிச் செவிலியர் மீது ரூசோ கொண்ட சினம் முழுக்க நியாயமானது. ஆனால், கட்டு குழந்தையின் வளர்ச்சியை முடக்கும் என்ற அச்சத்துக்குப் பிற்காலச் சான்று துணை நிற்கவில்லை. மங்கோலியாவில் 1,279 குழந்தைகளை இரு பிரிவாக்கி நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, மன வளர்ச்சியிலோ உடலியக்க வளர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை.

சுற்றினால் அழுகை ஏன் அடங்குகிறது? நம் வீடுகளில் "குழந்தைக்குத் தூக்கித் தூக்கிப் போடுது" என்பார்கள். 1918இல் ஆஸ்திரிய மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ விவரித்த அனிச்சைச் செயல் இதுதான். தலை சற்றே பின்னால் சரிந்தாலும் உரத்த ஒலி கேட்டாலும் குழந்தையின் இரு கைகளும் விரிந்து உதறுகின்றன. அந்த உதறலே குழந்தையை எழுப்பி அழவைக்கிறது. கை அணைந்திருந்தால் இந்தச் சங்கிலி தொடக்கத்திலேயே அறுபடுகிறது. இயங்குவது பெரிதும் கைகளே என்பதால், குழந்தை அமைதி பெறக் காலை நீட்டிக் கட்டத் தேவையில்லை.

தேவையற்றது என்பதோடு நின்றிருந்தால் காலைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்பால் ஆனது. தொடை மடங்கி விரிந்திருக்கும்போது தொடையெலும்பின் தலை அந்தக் கிண்ணத்தில் சரியாக அமர்ந்து, அதை ஆழப்படுத்துகிறது. காலை நீட்டிச் சேர்த்துக் கட்டினால் அந்தத் தலை கிண்ணத்தின் விளிம்பை நோக்கித் தள்ளப்படுகிறது. ஜப்பானில் 1965க்கு முன் இடுப்பு மூட்டு விலகல் 1.1 முதல் 3.5 விழுக்காடு வரை காணப்பட்டது. 1975 வாக்கில், குழந்தையின் காலை நீட்டிவைக்காதீர்கள் என்று தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் நாடெங்கும் எடுத்துச் சொன்னார்கள். பின்னர் அது 0.2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. மருந்தோ கருவியோ இல்லாமல், துணி சுற்றும் முறையை மாற்றியதால் வந்த பலன் இது. அமெரிக்காவின் நவஹோ மக்களிடமும் இதையே காண்கிறோம். தொட்டில் பலகையில் கால் நீட்டிக் கட்டப்பட்ட குழந்தைகளிடம் இக்குறை மிகுந்திருந்தது. தடித்த துணி டயப்பர் புழக்கத்துக்கு வந்து தொடைகள் விரிந்தபின் குறைந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துத் தூக்கும் நம் வழக்கம் தொடைகளை இயல்பாகவே விரிக்கிறது. அதைக் கைவிடாதிருப்பது நல்லது.

கைக் கட்டும் எந்நாளும் நன்மை செய்வதல்ல. சுற்றிய குழந்தை ஆழ்ந்து உறங்குகிறது, எளிதில் விழிப்பதில்லை. களைத்த தாய்க்கு அது வரம். குப்புறக் கிடக்கும் குழந்தைக்கோ ஆபத்து. நான்கு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியான பகுப்பாய்வு, சுற்றிய குழந்தை குப்புறக் கிடந்தால் திடீர் சிசு மரண ஆபத்து சுமார் 13 மடங்கு என்று கணக்கிட்டது. ஆகவே மல்லாக்கப் படுக்கவைப்பது கட்டாயம். குழந்தை புரள முயலும் நாளிலேயே கட்டை நிறுத்திவிட வேண்டும். அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்தைத் தொடும் என்பதை 1962இல் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் காட்டினார். மூன்று, நான்கு மாதங்களில் அது தணிகிறது, தூக்கிப் போடுவதும் மறையத் தொடங்குகிறது, குழந்தை குப்புற விழவும் முயல்கிறது. தேவை ஓயும் காலமும் ஆபத்து தொடங்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன.

நம் வெயிலுக்குக் கம்பளிப் போர்வை ஆகாது. துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டி ஒற்றைச் சுற்றாகப் போதும். சுற்றும் முன் பசியா என்று பார்க்க வேண்டும். கையை வாய்க்குக் கொண்டுபோவது பசியின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று, கட்டு அதை மறைத்துவிடும். பல மகப்பேறு வார்டுகளில் குழந்தையைத் தலை முதல் கால் வரை உருட்டிச் சுற்றித்தான் தாயிடம் தருகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன், மேலே இறுக்கமும் கீழே முழங்கால் மடங்கித் தொடை விரிய இடமும் விட்டுச் சுற்றும் முறையைச் செவிலியர் செய்துகாட்ட வேண்டும். தாய்க்கு மட்டும் காட்டினால் போதாது, உடன் வரும் பாட்டிக்கும் காட்ட வேண்டும். வீட்டில் குழந்தையைச் சுற்றுவது பெரும்பாலும் அவர்தான்.